போலி ஹோட்டல் ரிவியூவைப் பிடிப்பது எப்படி? தங்குமிடத் தளம் நடத்துவோருக்கான முழு வழிகாட்டி

மொரீசியஸில் கெஸ்ட் ஹவுஸ், கம்ப்மான் (கடற்கரை விடுமுறை வீடு), சிறிய ஹோட்டல்களைப் பட்டியலிட்டு முன்பதிவு எடுக்கும் தளங்களில் ரிவியூ பிரிவைக் கவனிக்க ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். புதிதாக அந்த நாற்காலியில் உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ரிவியூவை வாசித்துப் பார்த்து, "இது பொய் மாதிரி இருக்கே" என்று அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

வாசிப்பது கடைசி வேலை. இவர் உண்மையில் தங்கினாரா, எந்த வழியாக வந்து எழுதினார், கூட யார் யார் எழுதினார்கள் என்பதையெல்லாம் பார்த்த பிறகே எழுத்துக்கு வர வேண்டும். வரிசையை மாற்றினால் கோபத்தில் எழுதிய நல்ல விருந்தினரின் ரிவியூ குப்பைக்குப் போகும். நிதானமாக எழுதப்பட்ட போலி தளத்தில் தங்கிவிடும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு புக்கிங்குக்கும் ஒரு வரி: புக்கிங் எண், வந்த தேதி, போன தேதி, பணம் தளம் வழியாக வந்ததா ஹோட்டலில் கட்டினாரா, ரத்தா, வராமலே விட்டாரா. கடைசி இரண்டையும் பலர் பதிவு செய்வதில்லை. போலிகள் நுழையும் பெரிய ஓட்டை அதுதான். 1-ஆம் படியில் அதற்கு வருவோம்.

ஹோட்டல் உரிமையாளர்கள் தங்கள் நிர்வாகப் பக்கத்துக்குள் எந்தச் சாதனத்திலிருந்து, எந்த ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் எண்) நுழைகிறார்கள் என்ற பதிவும் வேண்டும். விருந்தினரின் தடயத்தை எல்லோரும் சேமிக்கிறார்கள், உரிமையாளரின் தடயத்தை மறந்துவிடுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எதையும் நிரூபிக்க முடியாது.

ரிவியூ திருத்தப்பட்டால் பழைய வடிவம் அழியாமல் இருக்க வேண்டும். 2 ஸ்டார் ஒரு வாரத்தில் 5 ஸ்டாராக மாறி, இடையில் ஹோட்டல்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தால், அது பேரம் பேசி மாற்றப்பட்ட ரிவியூவாக இருக்கலாம். பழைய வடிவம் இல்லாவிட்டால் இது உங்கள் கண்ணிலேயே படாது.

மொரீசியஸின் 2017-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் முதலிலேயே கவனியுங்கள். சாதன அடையாளம், ஐபி முகவரி போன்றவற்றை எதற்காகச் சேமிக்கிறீர்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்பதைத் தளத்தில் எழுதிவிட்டுத்தான் சேகரிக்கத் தொடங்க வேண்டும்.

1. யார் எழுதலாம் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

பெரிய தளங்கள் இதில் இரு வகை. புக்கிங் டாட் காமில் அந்தத் தளம் வழியாகப் பதிவு செய்தவர்தான் எழுதலாம், அதுவும் செக்-அவுட் முடிந்த 3 மாதத்துக்குள். ஏர்பிஎன்பியில் 14 நாள்தான் அவகாசம்; விருந்தினரும் வீட்டுக்காரரும் எழுதி முடிக்கும் வரை, அல்லது அவகாசம் தீரும் வரை, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க முடியாது. பதிலுக்குப் பதில் பழிவாங்குவதை இது தடுக்கிறது. ட்ரிப்அட்வைசரில் கணக்கு உள்ள யாரும் எழுதலாம்; வடிகட்டுவது பிறகு நடக்கிறது.

வாசல் திறந்திருப்பதற்கு விலை உண்டு. மேஸ்லின், டோவர், ஷெவாலியே என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரே ஹோட்டல்களுக்கு ட்ரிப்அட்வைசரிலும், அறை எடுத்தவர் மட்டுமே எழுத முடிந்த எக்ஸ்பீடியாவிலும் வந்த ரிவியூக்களை ஒப்பிட்டு, 2014-இல் ஆய்வை வெளியிட்டார்கள். போலி செய்யத் தூண்டுதல் அதிகமுள்ள சிறு உரிமையாளரின் ஹோட்டல் பக்கத்தில் இருந்தால், யாரும் எழுதக்கூடிய ட்ரிப்அட்வைசரில் எக்ஸ்பீடியாவைவிட மோசமான ரிவியூக்களின் பங்கு கூடியிருந்தது. சின்னத் தளத்துக்கு நம் பரிந்துரை: புக்கிங் இருந்தால்தான் எழுதலாம்.

அப்படி வைத்தாலும் மூன்று ஓட்டைகள் மிஞ்சும்.

முதலாவது, ஹோட்டலில் வந்து பணம் கட்டும் புக்கிங். போட்டிக்காரர் ஒருவர் பக்கத்து கெஸ்ட் ஹவுஸில் அறை போட்டுவிட்டு வராமலே இருந்துவிடுகிறார். உரிமையாளர் "வரவில்லை" என்று குறிக்க மறந்தால், உங்கள் கணினி அவரைத் தங்கியவராகவே கணக்கிடும். செக்-இன் நாளுக்கு மறுநாள் உரிமையாளருக்கு ஒரு கேள்வி போக வேண்டும்: விருந்தினர் வந்தாரா? பதில் வராமல் எழுதும் இணைப்பை அனுப்பாதீர்கள். இரண்டு நாளில் பதில் இல்லையென்றால் விருந்தினரிடமே கேளுங்கள். இல்லாவிட்டால் மோசமான ரிவியூவுக்குப் பயந்த உரிமையாளர் வாயை மூடிக்கொண்டே அதைத் தடுத்துவிடுவார்.

இரண்டாவது, வாட்ஸ்அப்பில் பேசி, வங்கிச் செயலியில் பணம் அனுப்பி முடிக்கும் கம்ப்மான் வாடகை. உள்ளூர் குடும்பங்களில் பலர் இப்படித்தான் எடுக்கிறார்கள். தளத்தில் சுவடே இருக்காது, ஆனால் தங்கியது உண்மை. இவர்களை எழுதவிட வேண்டுமானால் ஒரு நிபந்தனை: விருந்தினர் வந்து இறங்குவதற்கு முன்பே உரிமையாளர் அந்தத் தங்கலைத் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பிற்பாடு பதிவு செய்ய அனுமதித்தால் மைத்துனரும் மாமாவும் வரிசையாக வந்து எழுதுவார்கள்.

மூன்றாவது, டே பேக்கேஜ். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போய், மதிய உணவு, நீச்சல்குளம், கடற்கரை என்று முடித்துக்கொண்டு மாலையில் வீடு திரும்புபவருக்கு அறை புக்கிங் இருக்காது. அவரைப் போலி என்று தள்ளுவது அநியாயம். அவருடைய மதிப்பெண்ணை அறையின் மதிப்பெண்ணோடு கலப்பதும் தவறு. தனிப் பிரிவாகக் காட்டுங்கள்.

2. எழுதும் இணைப்பைப் பூட்டுங்கள்

செக்-அவுட் நாளன்று புக்கிங் செய்தவரின் மின்னஞ்சலுக்கு ஒரு இணைப்பு. ஒரு புக்கிங்குக்கு ஒன்று. ஒருமுறை பயன்படுத்தினால் காலாவதி. ஹோட்டல்காரரிடம் அந்த இணைப்பைக் கொடுத்து "விருந்தினருக்கு அனுப்புங்கள்" என்று சொல்லாதீர்கள். சிரித்த முகத்தோடு போனவருக்கு மட்டும் அனுப்புவார். வந்தவை எல்லாம் உண்மை ரிவியூக்களாகவே இருக்கும், மொத்தத்தில் மட்டும் பொய்யாகிவிடும்.

படிவத்தில் அறை வகை, எத்தனை பேர், எந்த மாதம் என்று கேளுங்கள். உங்களிடம் விடை இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். விடை இருப்பதால்தான் கேட்கிறோம். இரட்டை அறை என்று புக்கிங்கில் இருக்க, "குடும்ப அறை, ஆறு பேர்" என்று பதில் வந்தால் தனியாக எடுத்துப் பார்க்க ஒரு காரணம் கிடைக்கிறது.

வந்ததும் வெளியிடாமல் 24 மணி நேரம் நிறுத்தி வையுங்கள். கும்பலாக வரும் போலிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். முதலாவது வெளியே போன பிறகு நான்காவது வந்தால் ஒப்பிட்டு என்ன பயன்?

3. தடயத்தைச் சரியான நேரத்தோடு சேமியுங்கள்

ரிவியூ எழுதிய சாதனம், ஐபி முகவரி, எழுதத் தொடங்கிய நேரம், அனுப்பிய நேரம், வேறெங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டப்பட்டதா என்பவை போதும்.

நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். மொரீசியஸ் 4 மணி நேரம் முன்னால். செக்-அவுட் 5-ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். அன்று அதிகாலை 3 மணிக்கு விமானத்துக்குக் கிளம்பிய விருந்தினர் டாக்ஸியில் உட்கார்ந்து எழுதுகிறார். சர்வர் பதிவில் அது 4-ஆம் தேதி இரவு 11 மணி. "தங்கி முடிக்கும் முன்பே எழுதிவிட்டார்" என்று கணினி கொடி காட்டும். எல்லா நேரத்தையும் ஹோட்டல் இருக்கும் இடத்தின் நேரத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

4. தனியாகப் பார்க்காதீர்கள், கூட்டமாகப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். தனி ரிவியூ ஒன்று பொய்யா என்று சொல்வது கடினம். பத்து ரிவியூக்களுக்கு இடையிலான தொடர்பு பளிச்சென்று தெரியும்.

ஒரு தங்குமிடத்தின் கடைசி 90 நாள் ரிவியூக்களை ஒரே தாளில் கொண்டுவாருங்கள். சாதனம், ஐபி, நேரம், கணக்கு தொடங்கிய நாள், இதே கணக்கு எழுதிய மற்ற ரிவியூக்கள் ஆகிய பத்திகள் இருக்கட்டும். அவற்றை உரிமையாளர்களின் நுழைவுப் பதிவோடு பொருத்துங்கள். அந்த இடத்தின் உரிமையாளரோடு மட்டும் பொருத்தினால் போதாது; அதே ஊரில் உள்ள எல்லா உரிமையாளர்களோடும் பொருத்த வேண்டும்.

ஒரு மாதிரி நிலைமை. ஃப்ளிக்-அன்-ஃப்ளாக்கில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமை ஆறு ரிவியூக்கள். நான்கு 5 ஸ்டார், நான்கும் காலை 10 முதல் 11 மணிக்குள், நான்கும் கெஸ்ட் ஹவுஸின் சொந்த வைஃபையிலிருந்து. மீதி இரண்டும் இரவில், மொபைல் நெட்வொர்க்கிலிருந்து வந்த 1 ஸ்டார். புதியவர் முதல் நான்கைத்தான் பிடிப்பார். சாதனப் பத்தியைப் பார்த்தால் கதை மாறுகிறது. அந்த நான்கும் நான்கு வெவ்வேறு போன்கள், நால்வரும் தளம் வழியாகப் பணம் கட்டியவர்கள், நான்குக்கும் அன்று காலை செக்-அவுட். வரவேற்பில் இருந்தவர் "ஒரு ரிவியூ போட்டுவிட்டுப் போங்கள்" என்று கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். இரவு வந்த இரண்டும் ஒரே போன், ஆனால் இரண்டு புதுக் கணக்குகள். ஹோட்டலில் பணம் கட்டும் புக்கிங், பணம் கட்டிய பதிவு இல்லை. அதே போனிலிருந்து போன வாரம் பக்கத்துத் தெருக் கெஸ்ட் ஹவுஸின் நிர்வாகப் பக்கத்துக்குள் ஒருவர் நுழைந்திருக்கிறார்.

ஆகவே ஐபி ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து எதையும் நீக்காதீர்கள். ஹோட்டல் வைஃபையில் விருந்தினரும் ஊழியரும் ஒரே முகவரியில் வருவார்கள். மொபைல் நெட்வொர்க்கிலோ முன்பின் தெரியாத பலர் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்வார்கள். சாதனம் ஒன்றாக இருப்பதுதான் கனமான ஆதாரம். அதிலும் கணவனும் மனைவியும் ஒரே டேப்லெட்டில் இரண்டு ஊர்களுக்கு எழுதுவது சகஜம்.

திடீர்க் குவியலுக்கும் இங்கே உள்ளூர்க் காரணங்கள் உண்டு. தைப்பூசக் காவடிக்கு கோர் த கார்ட் மலைக் கோயிலுக்கு வருபவர்கள் பக்கத்து ஊரான காத்ர் போர்னில் தங்கிவிட்டு மறுநாளே மொத்தமாகக் கிளம்புவார்கள். ரிவியூக்களும் மொத்தமாக வரும். சைக்ளோன் வந்தால் இன்னும் மோசம். 2024 ஜனவரியில் பெலால் வந்தபோது விமானங்களே நின்றன. அப்படிப்பட்ட நாட்களில் பணம் திரும்பக் கிடைக்காதவர்கள் ஒரே வாரத்தில் 1 ஸ்டாராகப் போட்டுத் தள்ளுவார்கள். தாக்குதல் போலத் தெரியும், ஆனால் எல்லோரும் உண்மை வாடிக்கையாளர்கள். குவியல் எச்சரிக்கை அடித்தால் முதலில் நாட்காட்டியையும் சைக்ளோன் எச்சரிக்கைப் பதிவையும் திறந்து பாருங்கள்.

இதே தாளில் இன்னொன்றும் சிக்கும். கெட்ட பெயர் வாங்கிய வீட்டை மூடிவிட்டு, புதுப் பெயரில் அதே வீட்டைப் பட்டியலிடுவார்கள். வங்கிக் கணக்கு, தொலைபேசி எண், வரைபடப் புள்ளி, புகைப்படம் இந்த நான்கில் இரண்டு ஒத்துப்போனால் பழைய ரிவியூக்களைப் புதுப் பக்கத்தோடு இணைத்துவிடுங்கள். உண்மையிலேயே உரிமையாளர் மாறியிருந்தால் அதற்கான ஆவணத்தைக் காட்டட்டும்.

5. இப்போது எழுத்தை வாசியுங்கள்

வாசிப்பை நம்பக் கூடாது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2011-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிகாகோவின் 20 ஹோட்டல்களை எடுத்துக்கொண்டு, ட்ரிப்அட்வைசரிலிருந்து 400 உண்மை ரிவியூக்களையும், ஒன்றுக்கு ஒரு டாலர் கூலி கொடுத்து எழுதவைத்த 400 போலிகளையும் கலந்தார்கள். மனிதர்கள் பிரித்துப் பார்த்தது பூவா தலையா போட்டதற்குக் கிட்டத்தட்டச் சமம். கணினி நிரல் 90 சதவீதத்தை நெருங்கியது. போலிகளில் "நான்", "என் கணவர்", "விடுமுறை" போன்ற சொற்கள் அதிகம். உண்மையானவற்றில் குளியலறை, மாடி, அறையின் அளவு, இருக்கும் இடம் போன்ற இடம் சார்ந்த விவரங்கள் அதிகம்.

இதை அப்படியே இங்கே பொருத்திவிடாதீர்கள். அந்தப் போலிகளை எழுதியவர்கள் மனிதர்கள், ஆங்கிலத்தில். இன்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் குளியலறையையும் மாடியையும் அழகாகச் சேர்த்துத் தரும். மொழிநடை வழுவழுப்பாக இருப்பதும் குற்றமல்ல. மொரீசியஸின் பேச்சுமொழியான கிரியோலில் யோசிப்பவர் பிரெஞ்சையோ ஆங்கிலத்தையோ திருத்திக்கொள்ளக் கருவியின் உதவியை நாடலாம்.

அதற்குப் பதிலாக, சரிபார்க்கக்கூடிய செய்திகளைத் தேடுங்கள். "பெல் மாரில் எங்கள் பால்கனியிலிருந்து சூரியன் கடலில் மறைவதைப் பார்த்தோம்" என்று ஒருவர் எழுதினால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசியுங்கள். பெல் மார் கிழக்குக் கரை. அங்கே கடலில் சூரியன் உதிக்கும். "விமான நிலையத்திலிருந்து 10 நிமிடத்தில் கிராண்ட் பே வந்தோம்" என்றால், நிலையம் தென்கிழக்கில், கிராண்ட் பே வட முனையில். "மெட்ரோவில் இறங்கிக் கடற்கரைக்கு நடந்தோம்" என்றால், மெட்ரோ எக்ஸ்பிரஸ் போர்ட் லூயியிலிருந்து மேட்டுநில ஊர்கள் வழியாக கியூர்பீப் வரை போகிறது. கடற்கரை ஹோட்டல்கள் எதையும் அது தொடுவதில்லை.

ஒரு தவறு ஞாபகப் பிசகாக இருக்கலாம். இரண்டு, மூன்று என்று சேர்ந்தால்தான் எண்ணிக்கையில் எடுங்கள். உணர்ச்சி, எழுத்துப்பிழை, ஆச்சரியக்குறிகளின் எண்ணிக்கை எதற்கும் புள்ளி கொடுக்காதீர்கள்.

6. புள்ளி போட்டுப் பிரியுங்கள்

தொடங்குவதற்கு இந்த அளவு போதும். உங்கள் தளத்தின் அனுபவத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏதாவதொரு உரிமையாளர் பக்கத்துக்குள் நுழைந்த சாதனம்: 5. புக்கிங்கோடு முரண்படும் விவரம்: 4. பல கணக்குகள் ஒரே சாதனத்தில்: 3. வேறொரு ரிவியூவின் வாக்கியங்கள் அப்படியே: 3. குவியலில் ஒன்று: 1. வேறெதுவும் எழுதாத புதுக் கணக்கு: 1. ஐபி மட்டும் ஒன்று: 0. தளம் வழியாகப் பணம் கட்டி, செக்-அவுட்டும் உறுதியானால் 3 புள்ளி கழியுங்கள். முன்கூட்டியே பதிவான வாட்ஸ்அப் தங்கலுக்கு 1 கழியும்.

3 வரை வெளியிடலாம். 4 முதல் 6 வரை ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 7-உம் அதற்கு மேலும் வந்தால் நிறுத்திவைத்து, அந்தத் தங்குமிடம் முழுவதையும் ஆராயுங்கள். மேலே சொன்ன இரவு ரிவியூக்களுக்குச் சாதனத்துக்கு 5, பல கணக்குகளுக்கு 3, புதுக் கணக்குக்கு 1, குவியலுக்கு 1 என்று 10 வரும். காலை வந்த நான்குக்கும் பூஜ்யத்துக்குக் கீழே.

7. ஹோட்டல்காரரின் புகாரைக் கையாளும் விதம்

"இந்த ஆள் என் ஹோட்டலில் தங்கவே இல்லை" என்பதுதான் அதிகம் வரும் புகார். பாதி நேரம் உரிமையாளருக்குத் தெரிந்த பெயர் வேறாக இருக்கும்: சென்னையிலிருந்து மகன் புக்கிங் போட்டிருப்பார், வந்து தங்கியவர்கள் பெற்றோர். நீங்களே புக்கிங் எண்ணை வைத்துப் பாருங்கள். எழுதியவரின் மின்னஞ்சலையோ தொலைபேசியையோ ஹோட்டல்காரரிடம் காட்டாதீர்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் விவரிக்க வேண்டாம். அடுத்த முறை வேறு போனில் வருவார்.

"தள்ளுபடி தராவிட்டால் 1 ஸ்டார் போடுவேன்" என்று விருந்தினர் மிரட்டினால், ரிவியூ வருவதற்கு முன்பே உங்களிடம் தெரிவிக்கச் சொல்லுங்கள். ட்ரிப்அட்வைசரும் மிரட்டல் புகாரை உடனே தெரிவிக்கத்தான் சொல்கிறது. முன்பே வந்த புகாருக்கும், மோசமான ரிவியூ வந்த மறுநாள் நினைவுக்கு வந்த புகாருக்கும் எடை ஒன்றல்ல.

8. நடவடிக்கை, அதற்கான சட்டப் பின்புலம்

முதல் முறை: போலியை நீக்கி, உரிமையாளருக்கு எழுத்தில் எச்சரிக்கை. இரண்டாம் முறை: தேடல் வரிசையில் கீழே இறக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு அறிவிப்பு. நீக்கிய ரிவியூவை டேட்டாபேஸிலிருந்து அழிக்காமல், நீங்கள் அறிவித்த காலம் வரை மறைத்து மட்டும் வையுங்கள். அடுத்த கும்பலோடு பொருத்திப் பார்க்க அது வேண்டும்.

ரிவியூ எழுதினால் தள்ளுபடி, இலவச மசாஜ் என்பதையும் விதிகளில் தடை செய்யுங்கள். நிஜமாகத் தங்கியவர் எழுதினாலும் அது வாங்கப்பட்ட ரிவியூதான்.

பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் தங்குமிடங்களையும் பட்டியலிடுகிறீர்களா? அங்கே பிரெஞ்சுச் சட்டம். ரிவியூக்கள் சரிபார்க்கப்படுகின்றனவா, ரிவியூ எந்தத் தேதியில் வெளியானது என்பவற்றைத் தளம் சொல்ல வேண்டும் என்ற ஆணை 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 2022 மே 28 முதல் ஐரோப்பிய ஒன்றிய விதிகளும் போலி ரிவியூவை வெளிப்படையாகத் தடை செய்கின்றன. இது வெறும் அபராத விஷயம் என்று நினைக்க வேண்டாம்: இத்தாலியில் ட்ரிப்அட்வைசருக்கான போலி ரிவியூக்களை விற்ற ஒருவருக்கு 2018-இல் 9 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

9. உங்கள் தவறுகளை எண்ணுங்கள்

மாதம் ஒருமுறை, நிறுத்திவைத்தவற்றில் 20, வெளியிட்டவற்றில் 20 என்று குலுக்கி எடுத்து, முதலில் முடிவு செய்யாத இன்னொருவரிடம் புள்ளிகளைக் காட்டாமல் கொடுங்கள். அவருடைய முடிவும் பழைய முடிவும் எங்கே பிரிகின்றன என்று பாருங்கள். நிறுத்திவைத்த நல்லவை ஒரே வகையாக இருந்தால், எல்லாம் டே பேக்கேஜ்காரர்கள், அல்லது எல்லாம் கிரியோலில் எழுதியவை என்றால், ஆளைக் குறை சொல்லாமல் அந்தப் புள்ளியை மாற்றுங்கள்.

நீக்கப்பட்டவருக்கு மேல்முறையீட்டு வழி கொடுங்கள்: 14 நாள், ஒரு ரசீதோ அறையில் எடுத்த படமோ போதும். போலி எழுதியவர்களில் பெரும்பாலோர் பதிலே போட மாட்டார்கள். உண்மையில் தங்கியவர் கோபத்தோடு, ரசீதோடு அன்றே வந்து நிற்பார். அவருடைய ரிவியூவை எழுதிய பழைய தேதியிலேயே திரும்பப் போடுங்கள்.